பழைய வண்ணாரப்பேட்டை புகார்க் கடை: இணைய மோசடியில் பணம் போனவர் இங்கே போகலாமா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ரவிக்கைத் துணிக் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், வில்லங்கம், பட்டா, ரயில் டிக்கெட் என்ற வழக்கமான வரிசை. அதற்குக் கீழே வெள்ளைத் தாளில் அச்சடித்து ஒட்டிய ஒரு வரி, "ஆன்லைன் மோசடிப் புகார் எழுதித் தரப்படும்" என்று. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். பெயர் பரவினால் அதே பெயரில் ஒரு போலி எண்ணை எவனாவது இணையத்தில் ஏற்றிவிடுவான் என்பது அவருடைய அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருப்பதால் பெயரை விட்டுவிட்டு, கடை என்ன செய்கிறது, எதைச் செய்யத் தவறுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர் அல்லன். ஜார்ஜ் டவுன் நீதிமன்றப் பக்கம் பதினோரு ஆண்டுகள் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்தவன். மனு எழுதும் கை எது, நிரப்பும் கை எது என்று பார்த்தவுடன் தெரியும் அளவுக்குப் பழக்கம் உண்டு. அந்தக் கண்ணோடுதான் இந்தக் கடையையும் பார்த்தேன்.

துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமனுக்கு ஒரு சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அவருடைய மொபெட் சிக்னலைத் தாண்டியதாகவும், அபராதச் சீட்டைப் பார்க்க இணைப்பைத் திறக்குமாறும் அதில் இருந்தது. வந்தது சீட்டு அல்ல, போனில் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பு. மாமா அதைத் தொட்டார். ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தார். அதன்பிறகு அவருடைய போனுக்கு வந்த ஓ.டி.பி. எல்லாம் அவர் பார்ப்பதற்கு முன்பே வேறொருவன் கைக்குப் போய்விட்டது. இருபது நிமிடத்துக்குள் 49,999, 25,000, 19,500 என மூன்று தவணையாக 94,499 ரூபாய் போனது. "டேய் தம்பி, நான் யாருக்கும் நம்பர் சொல்லலடா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் வழக்கின் உயிராக இருக்கப்போகிறது என்பது அப்போது எனக்கும் தோன்றவில்லை.

கடைக்குப் போனோம். உட்காரச் சொல்லவில்லை. "மொதல்ல 1930-க்குப் பேசிட்டீங்களா?" என்று கேட்டார் உரிமையாளர். இல்லை என்றதும் வாசலைக் காட்டினார். "பேசிட்டு வாங்க. நான் டைப் அடிக்கிற நேரத்துல காசு நாலு அக்கவுண்டு தாண்டிடும்." இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். வந்த வாடிக்கையாளரை முதலில் வெளியே அனுப்பும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் அவசரப்படுத்தியதற்குக் காரணம் இந்த ஏற்பாடு இயங்கும் விதம். உள்துறை அமைச்சகத்தின் இணையவழிக் குற்றப் புகார் தளம் 2019 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. பண மோசடிக்கென்று தனி உதவி எண் 2021-ல் 155260 என்று அறிமுகமாகிப் பின்னர் 1930 ஆனது. அந்த எண்ணில் பேசினால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் அந்தத் தொகை நிறுத்தி வைக்கப்படும். அதற்குள் அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் அந்த அடுத்த வங்கியைத் துரத்திக்கொண்டு போகும். திருடன் பணத்தைக் கணக்குக் கணக்காக உடைத்து நகர்த்துவதும், தகவல் பின்னாலேயே ஓடுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், இதில் எப்.ஐ.ஆர். போடுவது இரண்டாம் வேலை, நிறுத்துவதுதான் முதல் வேலை. மாமா வாசலில் நின்றபடியே பேசினார். மூன்றாம் தவணை 19,500 முழுவதும், இரண்டாம் தவணையில் 12,000-மும் ஆக 31,500 ரூபாய் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது என்று பின்னர் தெரிந்தது. முதல் தவணை போனது போனதுதான்.

திரும்பி வந்தபோது உரிமையாளர் செய்த இரண்டாவது நல்ல காரியம், மாமாவின் போனை வாங்கி ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, "ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க" என்று எச்சரித்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதைத்தான் செய்யச் சொல்லியிருந்தான். கெட்டதைத் துடைத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் கோப்பும் அது வந்த எண்ணும்தான் சாட்சி. மின்னணுச் சான்று நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும் என்பதை 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதிப்படுத்தியது. அப்போது அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு. புதிய சட்டம் சான்றிதழுக்கு ஒரு படிவத்தையே பின்னிணைப்பாகத் தந்திருக்கிறது. கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும், கருவியை வைத்திருப்பவரோடு நிபுணர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். துடைத்துவிட்ட போனுக்கு இதில் எதையும் எழுத முடியாது.

இனி எழுத்து வேலை. இந்தக் கடையின் உண்மையான சரக்கு இதுதான். உரிமையாளர் முன்பு நீதிமன்றத் தட்டச்சராக இருந்தவர் என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. மாமா, "சாயங்காலம் ஆறு, ஆறரை இருக்கும்" என்று கதையைத் தொடங்கினார். உரிமையாளர் அவரை நிறுத்தி, குறுஞ்செய்திகளைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் நேரம், தொகை, யு.பி.ஐ.யின் 12 இலக்கப் பரிமாற்ற எண், பணம் பெற்றவரின் யு.பி.ஐ. முகவரி என நான்கு பத்தியில் ஓர் அட்டவணை போட்டார். எண்களை ஒரு தடவை அவர் படிக்க மாமா சரிபார்த்தார். மறு தடவை மாமா படிக்க அவர் சரிபார்த்தார். பத்திர எழுத்தர்கள் சர்வே எண்ணைச் சரிபார்க்கும் அதே முறை. சம்பவ விவரத்தை 200 எழுத்துக்குக் குறையாமல் கேட்கும் அந்தத் தளத்தின் கட்டத்தில், பலர் கோபத்தை நிரப்புவார்கள். இவர் வரிசையை நிரப்பினார். "ஓ.டி.பி.யை நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை" என்ற வரியைத் தனிப் பத்தியாக வைத்தவரும் அவர்தான்.

அந்தத் தனிப் பத்தியின் மதிப்பு வங்கியில் தெரிந்தது. திங்கட்கிழமை காலை போனபோது, கிளையில் இருந்த அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, ஓ.டி.பி. சரியாகப் போடப்பட்டிருப்பதால் பொறுப்பு வாடிக்கையாளருடையதே என்று சொல்லிவிட்டார். எந்த வங்கி என்று எழுதப்போவதில்லை. இந்தப் பதிலை எல்லா வங்கி வாசலிலும் கேட்டவர்கள் அந்தக் கடையின் பெஞ்சிலேயே இருந்தார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்றால், வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் இடையில் வேறொருவரால் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே கிடையாது. அவர் பொறுப்பாளி என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. கவனக்குறைவாக விவரங்களைத் தாமே கொடுத்திருந்தால் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது, தெரிவித்த பின் வருவது வங்கியுடையது. கோப்பைத் திறந்தது கவனக்குறைவா, இல்லையா என்பது வாதத்துக்கு உரியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தை நடத்தாமலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதற்குத்தான் எழுத்து மூலமான புகார். கடையில் இதற்குத் தனி மனு ஒன்று அடித்துத் தந்தார்கள். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டோம்.

கடையின் முதல் பிழையை நான் கண்டுபிடித்தது காவல் நிலையத்துக்கான மனுவில். கணினியில் இருந்த பழைய மாதிரியைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியதால், "இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 420" என்ற வரி அப்படியே வந்துவிட்டது. 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்த ஏமாற்றுதலுக்கு அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4). சுட்டிக்காட்டியபோது சிரித்துக்கொண்டே திருத்தினார். "ஜனங்களுக்கு ஃபோர் ட்வென்டின்னாதான் சார் புரியுது" என்றார். அதுவும் உண்மைதான். ஒரு பிரிவு எண் வசைச் சொல்லாகி ஊருக்குள் நடமாட நெடுங்காலம் பிடித்தது. முந்நூற்றுப் பதினெட்டு அந்த இடத்துக்கு வர எத்தனை தலைமுறை ஆகுமோ. பிரிவைத் தவறாக எழுதினால் புகார் செல்லாது என்பதில்லை. நடந்ததைச் சொல்வது புகார்தாரரின் வேலை, பிரிவைப் போடுவது காவல்துறையின் வேலை. ஆயினும் எழுதிக் கொடுப்பதற்குக் காசு வாங்கும் இடத்தில் மாதிரி மனு ஒரு சட்டம் பின்தங்கியிருப்பது சரியல்ல.

பிரிவுகளைப் பற்றி இன்னொன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் 66சி அடையாளத் திருட்டுக்கும், 66டி கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டன. இரண்டிலும் உச்சத் தண்டனை மூன்றாண்டு, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். அதே சட்டத்தின் 77பி-யின்படி மூன்றாண்டுக் குற்றங்கள் ஜாமீனில் விடக்கூடியவை. ஆக, தொழில்நுட்பத்துக்கென்றே செய்த பிரிவு கையில் பிடித்தவனைச் சாயங்காலம் வெளியே விட்டுவிடுகிறது. குதிரை வண்டிக் காலத்து ஏமாற்றுப் பிரிவுதான் ஏழாண்டும் ஜாமீன் உரிமையின்மையுமாக அவனை உள்ளே வைக்கிறது. அதனால்தான் எப்.ஐ.ஆர்.களில் இரண்டும் ஜோடியாகவே வருகின்றன. புதிய சன்ஹிதாவின் 111-வது பிரிவு இணையக் குற்றத்தை ஒருங்கமைந்த குற்றத்தின் பட்டியலில் சேர்த்துக் குறைந்தது ஐந்தாண்டு என்று வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலோ 2014-லேயே குண்டர் தடுப்புச் சட்டத்தில் இணையக் குற்றவாளியையும் சேர்த்துவிட்டார்கள். வழக்கு முடிக்க நேரமில்லாதபோது தடுப்புக் காவலைக் கையில் எடுப்பது எனக்கு எப்போதும் உவப்பானதல்ல. ஆனால் அது வேறு விவாதம்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு, உரிமையாளர் அதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிறார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று பரவலாகக் குறிப்பிடப்படும் தீர்ப்பு 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றத்தில் வந்தது. ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுவில் ஆபாசச் செய்தி போட்டவனுக்கு, புகார் வந்த அதே ஆண்டில் தண்டனை. அந்த வேகத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

பெஞ்சில் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் கடையின் குணம் முழுவதும் தெரிந்துவிட்டது. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மா, கூடையை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார். ஏலத்தில் எடுத்த மீனை யாருக்கோ விற்று யு.பி.ஐ.யில் 6,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அந்தப் பணம் வேறொரு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிச் சுற்றி வந்த பணமாம். கணக்கு முழுவதும் முடங்கிவிட்டது. ஐஸுக்குக் கொடுக்கக்கூடக் காசு எடுக்க முடியவில்லை. திருடனை விரட்டும் வலை மீன்காரியைப் பிடிக்கும் இடம் இது. தொகையையும் கால அளவையும் குறிப்பிடாமல் கணக்கை முழுவதுமாக முடக்கக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, சந்தேகத்துக்குரிய 6,000-ஐ மட்டும் நிறுத்தி மீதியை விடுவிக்குமாறு வங்கிக்கும் அந்த மாநிலக் காவல்துறைக்கும் இரண்டு மனு அடித்துக் கொடுத்தார். "அக்கா, எழுவது ரூபா போதும்" என்றார்.

அடுத்து வந்த பையனுக்கு வயது இருபது இருக்கும். யாரோ மாதம் ஐயாயிரம் தருவதாகச் சொல்ல, வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிட்டான். இப்போது விசாரணைக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. அட்டை தொலைந்துவிட்டதாக முன்தேதியிட்டு ஒரு மனு அடித்துத் தர வேண்டும் என்று கேட்டான். உரிமையாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தம்பி, அது இன்னொரு கேசு. உண்மையைச் சொல்லி வக்கீலை வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். வாடகைக்குக் கணக்குக் கொடுப்பவன் ஏமாந்தவனா, உடந்தையா என்பதை அவனுக்குத் தெரிந்திருந்தது எவ்வளவு என்பதே தீர்மானிக்கும். பொய் மனு அந்தக் கேள்விக்குப் பதிலைத் தானே சொல்லிவிடும். இந்தச் சந்தில் இருநூறு ரூபாயை வேண்டாம் என்று சொல்லும் கடை என்பதையும் பதிவு செய்கிறேன்.

சுவரில் "டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது" என்று பெரிய எழுத்தில் ஒரு தாள். கைது என்றால் காவல் அலுவலர் ஆளைத் தொட வேண்டும் அல்லது அடைக்க வேண்டும், இல்லையேல் அவரே சொல்லாலோ செயலாலோ காவலுக்கு உட்பட வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு. வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் அறைக்கதவைச் சாத்தச் சொல்வதற்குப் பெயர் மிரட்டல். தாள் நன்று, எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது.

இனிக் குறைகள். புகாரைப் பதிவேற்றி ஒப்புகை எண்ணை அச்சடித்துக் கொடுத்தவுடன் கடை தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். மின்னணு வழியாகக் கொடுத்த தகவல் எப்.ஐ.ஆர். ஆக வேண்டுமானால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையொப்பமிட வேண்டும் என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193-வது பிரிவு கூறுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி விசாரிக்க இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாதவர் வேண்டும் என்பதால், நிலையத்தில் முதல் நாள் எப்.ஐ.ஆர். இல்லாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பி வரவும் நேரலாம். நிறுத்திவைத்த பணம் தானாக வீடு வந்து சேராது. நாங்கள் நீதிமன்றத்தில் நடைமுறைச் சட்டத்தின் 503-வது பிரிவில் மனுப்போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் அரைப் பக்கத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? எங்களுக்கு 503 மனுவையும் அதே கடையில்தான் அடித்தோம், 150 ரூபாய். நானே கேட்காவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே மாமாவுக்குத் தெரிந்திருக்காது.

பெரிய குறை வேறு, அதைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பரிந்துரைக்க மாட்டேன். அச்சுக்கு அனுப்பும்போது திரையைப் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் "சைபர்" என்று ஒரு கோப்புறை. உள்ளே முந்தைய வாடிக்கையாளர்களின் ஆதார், வங்கிப் பாஸ்புக், பரிமாற்றப் பட்டியல் எல்லாம் பெயர் பெயராக. ரயில் டிக்கெட் எடுக்க வருகிறவனும் அதே கணினியில்தான் உட்காருகிறான். ஏமாந்தவர்களின் முழு விவரமும் வரிசையாக அடுக்கிய ஒரு பட்டியல் மோசடிக்காரனுக்கு எவ்வளவு பெறும் என்று யோசித்துப் பாருங்கள்; ஒரு தடவை ஏமாந்தவரிடம், "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று பேசி இன்னொரு தடவை வாங்குவதும் ஒரு தொழிலாகவே நடக்கிறது. அடையாளத் திருட்டுக்குப் புகார் எழுதும் மேசையிலேயே திருடுவதற்கான அடையாளங்கள் குவிந்து கிடப்பதை அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த தடவை வந்தால் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டாமே என்ற சோம்பல்தான்.

கட்டணம்: தளத்தில் புகார் பதிவேற்ற 100 ரூபாய், வங்கி மனு 70, அச்சு பக்கத்துக்கு 5. காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை, ஞாயிறு விடுமுறை. மின்வெட்டு நேரத்தில் கணினி கிடையாது. எழுத்துக்கும் நேர்மைக்கும் ஐந்துக்கு நாலரை, ஆவணப் பாதுகாப்புக்கு ஒன்று. போகிறவர்கள் 1930-க்குப் பேசிவிட்டுப் போங்கள். ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பென் டிரைவில் கொண்டுபோய்த் திரும்ப எடுத்து வாருங்கள். பிரிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் 31,500 நீதிமன்ற உத்தரவோடு திரும்பிவிட்டது. மீதி 62,999-க்கான வங்கிப் புகார், முப்பது நாளில் சரியான பதில் வராததால், வங்கிகள் மீதான குறைகளை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போயிருக்கிறது. அந்த மனுவையும் அடிக்க அதே கடைக்குத்தான் போனேன். வேலை முடிந்ததும், மாமாவின் கோப்புகளை என் கண் முன்னே அழிக்கச் சொன்னேன். முகம் கோணாமல் அழித்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள் என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.